பட்லர் கொண்டு வந்த ஓலை

"ஏன்டா, பட்லர் இங்கிலீஷ் பேசுற?"

பள்ளிக்கூடத்துல இந்தத் திட்டு வாங்காதவங்க நம்மில் குறைவாத்தான் இருப்பாங்க. எங்க ஊரு வ. புதுப்பட்டி. அந்த 'வ' வத்திராயிருப்பு. மேற்கே மலை, சுத்தி வயலும் தென்னையும். வெள்ளைக்காரன் பங்களா கட்டி பட்லர் வச்சுக்கிட்ட ஊர் எல்லாம் இல்லை. இருந்தாலும் "ஐ கம்மிங் சார்"னு ஒருத்தன் சொன்னா போதும், வாத்தியார் வாயில இருந்து அந்த வார்த்தை வந்துரும். பட்லர்னா யாரு, அவரு என்ன வேலை பார்த்தார்னு வாத்தியாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. திட்டு மட்டும் தெரியும்.

அப்புறம் பேட்மேன் படத்துல ஆல்பிரட் வந்தார். உட்ஹவுஸ் கதைகள்ல ஜீவ்ஸ் வந்தார் (ஜீவ்ஸ் கறாரா பார்த்தா பட்லர் இல்லை, எஜமானோட சொந்தப் பணியாள். உட்ஹவுஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் :-)). கோட்டு போட்டு, முதுகு வளையாம, முகத்துல ஒரு உணர்ச்சியும் காட்டாம நிக்கிற வெள்ளைக்கார பட்லர். இந்த ஆளுக்கும் நம்ம வாத்தியார் திட்டுக்கும் என்ன சம்பந்தம்னு தேடப் போனேன். போன வழியில கந்தப்பன்னு ஒருத்தர் குறுக்கே வந்தார். இந்தப் பதிவு முக்கியமா அவரைப் பத்தித்தான். ஆனா அவர் செஞ்சது எவ்வளவு பெருசுன்னு புரியணும்னா முதல்ல அந்த உத்தியோகத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

பட்லர்ங்கிற சொல் பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது. பாட்டில்களுக்குப் பொறுப்பாளர்னு அர்த்தம். இங்கிலாந்துல பெரிய மனுஷங்க வீட்டுல ஒயின் நிலவறைச் சாவி யார் கையில இருக்கோ அவர்தான் பட்லர். மதராஸுக்கு வந்ததும் அந்தச் சொல் பெருத்துப் போச்சு. இங்கே பாட்டிலோட சேர்த்து மொத்த வீடுமே அவர் தலையில. காலையில மார்க்கெட்டுக்குப் போய் கறி, மீன், காய் வாங்கணும். சாமான் அறைச் சாவி, அன்றாடக் கணக்கு, மேசைப் பரிமாறல் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே ஒரு பட்டாளம் இருக்கும். சமையல்காரர், 'மேட்டி'ன்னு சொல்ற எடுபிடி, பாத்திரம் தேய்க்கிறவர், குழந்தை பார்க்கிற ஆயா, தோட்டக்காரர், குதிரைக்காரர், தண்ணிக்காரச்சி. இந்தத் தண்ணிக்காரச்சியை வெள்ளைக்காரங்க 'டன்னிகெட்ச்'னு ஆக்கி அகராதியிலயே ஏத்திட்டாங்க!

அந்த அகராதி ஹாப்ஸன்-ஜாப்ஸன். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் சேர்ந்து செஞ்சது, 1886ல வந்தது. பர்னல் தஞ்சாவூர்ல நீதிபதியா இருந்தவர். சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரும் அவர்தான். புத்தகம் வெளிவர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே போயிட்டார். அதுல பட்லருக்கும் ஒரு பதிவு, பட்லர் இங்கிலீஷுக்கும் தனியா ஒரு பதிவு. பட்லருக்குக் கொடுத்த விளக்கத்துல ஒரு குத்தல் இருக்கு. அந்நிய எஜமான் காசுல தன் கூட்டை மெத்தையாக்கிக்க நல்ல வாய்ப்புள்ள தொழில்ங்கிற மாதிரி எழுதியிருக்காங்க. மார்க்கெட் கணக்குல ஒரு அணா ரெண்டு அணா ஏறுறதைச் சொல்றாங்க. 'தஸ்தூரி'ங்கிற வழக்கமான கமிஷன் அது. கம்பெனிக்காரங்க இந்த நாட்டுல வந்து அடிச்ச கமிஷனுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா சிரிப்புத்தான் வருது.

பட்லர் இங்கிலீஷ் பதிவு இன்னும் சுவாரசியம். 'டெல்லிங்'னா இனிமே சொல்லுவேன்னு அர்த்தமாம். 'டன் டெல்'னா சொல்லிட்டேன். 'டன் கம்'னா வந்தாச்சு. 'பேமிலி'ன்னா பொண்டாட்டி.

இதைப் படிச்சதும் எனக்கு உடனே தோணினது, இது தப்பான இங்கிலீஷ் இல்லை, ஒழுங்கான தமிழ் இலக்கணம். வந்தாச்சு, சொல்லிட்டேன், முடிஞ்சிருச்சுன்னு நாம வினைக்கு ஒரு வாலைச் சேர்த்துச் சொல்றோம் பாருங்க, அந்த வாலுக்குத்தான் அவர் 'டன்' போட்டிருக்கார். அப்புறம் அந்தப் 'பேமிலி'. இன்னைக்கும் ஆபீஸ்ல "சார் பேமிலி ஊருக்குப் போயிருக்காங்க"ன்னா யாரைச் சொல்றோம்? பட்லரைக் கிண்டல் பண்ணிட்டு அவர் அகராதியை நாம வச்சுக்கிட்டோம்.

அதே பதிவுல இன்னொரு விஷயத்தையும் ஒத்துக்கிறாங்க. எஜமானர்களும் வேலைக்காரங்ககிட்ட இதே மொழியிலதான் பேசினாங்களாம். ஆக, துரையும் பட்லர் இங்கிலீஷ்தான் பேசினார்! ரெண்டு பேரும் நடுவழியில சந்திச்சுக்க ஒரு மொழி உண்டாச்சு. கெட்ட பேரு மட்டும் ஒருத்தருக்குப் போயிருச்சு.

இங்கே 'துபாஷி'யையும் சொல்லியாகணும். ரெண்டு பாஷை தெரிஞ்சவர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761), டூப்ளேவோட துபாஷி. பச்சையப்ப முதலியார் (1754-1794), மதராஸ்ல துபாஷித் தொழில்ல சம்பாதிச்சு எழுதி வச்ச சொத்துல இன்னைக்கும் கல்லூரி நடக்குது. ஆனா அந்தக் காலத்து மதராஸ்ல துபாஷின்னா கம்பெனித் தரகர் மட்டும் இல்லை, வீட்டுத் தலைமை வேலைக்காரரையும் அதே பேர்லதான் கூப்பிட்டிருக்காங்க. கணவர் நீதிபதியா இருந்ததால 1836ல இருந்து 1839 வரைக்கும் இங்கே இருந்த ஜூலியா மெயிட்லாண்ட் அம்மா எழுதின கடிதங்கள் 1843ல புத்தகமா வந்தது. வீட்டு வேலைக்காரங்க கூட்டத்தைப் பத்தி அதுல நிறைய வேடிக்கையா எழுதியிருக்காங்க. ஆக ரெண்டு பேரும் செஞ்சது கிட்டத்தட்ட ஒரே வேலை. துரைக்கும் ஊருக்கும் நடுவுல நின்னு பேசுறது. ஆபீஸ் பக்கம் நின்னவருக்குச் சிலையும் கல்லூரியும் கிடைச்சது. சமையக்கட்டுப் பக்கம் நின்னவருக்கு வாத்தியார் திட்டு.

ஏன் இந்த வித்தியாசம்? சாதிதான், வேற என்ன. வடக்கே கல்கத்தா பக்கம் துரைமார் மேசையில பரிமாறினவங்க பெரும்பாலும் முஸ்லிம் கான்சாமாக்கள். மதராஸ்ல வீட்டு வேலைக்குப் போனவங்கள்ல பெரும் பகுதி பறையர் சமூகத்தினர், அப்புறம் கிறிஸ்தவர்கள். மாட்டுக்கறி சமைக்கணும், சாராயப் புட்டியைத் தொடணும், எச்சில் தட்டு எடுக்கணும். சாதி இந்துக்கள் பலர் அந்தப் படியே ஏற மாட்டாங்க. ஊருக்குள்ள தெருவுல நடக்க விடாதவங்களுக்கு பங்களா வாசல் திறந்தது. அது கருணையினால திறக்கலை, வேலைக்கு ஆள் வேணும்னு திறந்தது. ஆனா திறந்துச்சு. மாசச் சம்பளம் கிடைச்சது, ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் கிடைச்சது, அடுத்த தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் கிடைச்சது.

1878ல மதராஸ்ல ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதினவர் கென்னி-ஹெர்பர்ட்டுங்கிற ராணுவ அதிகாரி, 'வைவர்ன்'ங்கிற புனைபேர்ல. அதுல சமையல்காரருக்கு ஒரே பேருதான், ராமசாமி. யார் வீட்டுக்குப் போனாலும் ராமசாமி. அவர் ராமசாமியை மட்டமாப் பேசலை, பக்குவமா நடத்தச் சொல்லித்தான் எழுதறார். இருந்தாலும் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே பேர். அந்தக் கூட்டத்துல சொந்தப் பேரோட நமக்குக் கிடைக்கிற ஒருத்தர்தான் கந்தப்பன்.

கந்தப்பனைப் பத்தி நமக்குச் சொன்னவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). நம்மில் பலருக்கு அவரை அறிமுகம் தேவையிருக்காது. சித்த மருத்துவர், 1891ல திராவிட மகாஜன சபை, 1898ல சாக்கிய பௌத்த சங்கம். 1907 ஜூன்ல ராயப்பேட்டையில இருந்து 'ஒரு பைசாத் தமிழன்'னு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆச்சு. அந்தப் பத்திரிகையில அவர் எழுதின ஒரு செய்தி இது. என் பாட்டனார் கந்தப்பன், ஜார்ஜ் ஆரிங்டன் துரையோட பட்லர். அவர் வீட்டுல இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைப் பிரதிகளை எல்லீஸ் துரைகிட்ட கொடுத்தார், அதுக்கு அப்புறம்தான் அது அச்சுக்கு வந்தது.

திரும்ப ஒரு தடவை படிச்சுப் பாருங்க. பட்லர் வீட்டுல இருந்த திருக்குறள் ஓலை.

எல்லீஸ் துரைங்கிறது பிரான்சிஸ் வைட் எல்லிஸ் (1777-1819). 1810ல இருந்து சென்னைக் கலெக்டர். 1812ல புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அவர் திட்டப்படி உருவாச்சு. அயோத்திதாசர் இந்தக் கல்லூரியைத்தான் எல்லீஸ் கூட்டின தமிழ்ச் சங்கம்னு குறிப்பிடறார். 1816ல தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்துல இருந்து பிறந்தது இல்லை, தனிக் குடும்பம்னு எழுதினவர் எல்லிஸ். கால்டுவெல்லுக்கு நாப்பது வருஷம் முன்னாடி. அதே 1816ல கல்லூரியில இருந்த முத்துசாமிப் பிள்ளையை வீரமாமுனிவர் நூல்களைத் தேடித் தெற்கே அனுப்பினார். ஓலைன்னா ஆளனுப்பித் தேடுற மனுஷன். 1818ல தண்ணிப் பஞ்சத்துல சென்னையில 27 கிணறு தோண்டினார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணத்துக் கல்வெட்டுல வள்ளுவரைப் புகழ்ந்து ஒரு குறளையே எடுத்துப் போட்டிருக்கார். வள்ளுவர் உருவம் போட்ட தங்கக் காசும் அவர் காலத்துல அடிச்சது.

சரி, அந்த முதல் அச்சுத் திருக்குறள் எப்போ வந்தது? 1812. திருக்குறள் மூலபாடம், கூடவே நாலடியார். சென்னைப்பட்டணத்துல மாசதினச்சரிதை அச்சுக்கூடம். பதிப்பிச்சவர் தஞ்சை மலையப்ப பிள்ளை குமாரர் ஞானப்பிரகாசன். பாடம் ஒப்பிட்டுச் சரிபார்த்தவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர். கந்தப்பன் பேர் முகப்புல இல்லை.

இப்போ கேள்வி. நம்பலாமா, கூடாதா?

எதிரா என்னென்ன சொல்லலாம்னு முதல்ல பார்த்துடுவோம். சாட்சி ஒரே ஆள். அவரும் சொந்தப் பேரன். சம்பவம் நடந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சு எழுதறார். அவருக்கு ஒரு வாதம் இருந்தது. தங்கள் முன்னோர் பூர்வ பௌத்தர்கள், தமிழ் நூல்களைக் காத்தவங்க, சாதியால பின்னாடி தாழ்த்தப்பட்டவங்கன்னு. திருக்குறளையே திரிபிடகத்தோட சேர்த்துத் 'திரிக்குறள்'னு எழுதினவர். அந்த வாதத்துக்கு இந்தக் கதை கச்சிதமாப் பொருந்துது. வரலாறு எழுதறவங்க இப்படிக் கச்சிதமாப் பொருந்துறதைப் பார்த்தா ஒரு தடவை தட்டிப் பார்ப்பாங்க, தட்டணும்.

இன்னொண்ணு, கந்தப்பன் இல்லாட்டி குறளே அழிஞ்சிருக்கும்னு சிலர் உணர்ச்சிவசப்பட்டு எழுதறாங்க. அது சரியில்லை. வீரமாமுனிவர் 1730லயே குறளோட ரெண்டு பாலை லத்தீன்ல பெயர்த்துட்டார். கிண்டர்ஸ்லி 1794ல சில பகுதிகளை இங்கிலீஷ்ல போட்டார். மடங்கள்லயும் புலவர் வீடுகள்லயும் ஓலைகள் நிறைய இருந்தது. கந்தப்பன் குறளைச் சாவுல இருந்து காப்பாத்தலை. அவரைப் பெரிய ஆளாக்க அந்த மிகை தேவையும் இல்லை.

சில இடங்கள்ல இது ஊட்டியில நடந்த மாதிரியும் எழுதியிருக்காங்க. அதுக்கு வழியே இல்லை. ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினதே 1819ல. ஊட்டியில அவர் கல் பங்களா கட்ட ஆரம்பிச்சது 1822ல. எல்லிஸ் 1819லயே இறந்துட்டார். ஓலை கை மாறியிருந்தா சமவெளியிலதான், பெரும்பாலும் சென்னையிலதான் மாறியிருக்கணும். ஊட்டி நினைப்பு எங்கிருந்து வந்ததுன்னா, அயோத்திதாசர் வளர்ந்தது நீலகிரியில. பேரன் ஊரைத் தாத்தாவுக்கு ஒட்ட வச்சிருக்காங்க.

இவ்வளவும் கழிச்ச பிறகும் எனக்கு நம்பத்தான் தோணுது. காரணம் சொல்றேன்.

ஒண்ணு, அந்த 'பட்லர்'ங்கிற சொல். பெருமைக்காகக் கதை கட்டுற ஆளு தாத்தாவைப் பண்டிதர்னு சொல்லுவார், புலவர்னு சொல்லுவார், ஜமீன்னுகூடச் சொல்லுவார். 1900களின் மதராஸ்ல, பட்லர்ங்கிற வார்த்தையே கேலியா இருந்த ஊர்ல, நாலு பேர் படிக்கிற பத்திரிகையில, "என் பாட்டன் பட்லர்"னு அச்சடிக்கிறவர் அந்த இடத்துல புளுகியிருப்பாரா? துரை பேரையும் சேர்த்துச் சொல்றார். கதை கட்டணும்னா பட்லரை வச்சுக் கட்ட மாட்டாங்க.

ரெண்டு, அந்த வீட்டுல ஓலை இருந்திருக்குமான்னு சந்தேகப்படறவங்களுக்கு. பறையர் சமூகத்துக்குப் புரோகிதம், சோதிடம், மருத்துவம் பார்த்த வள்ளுவர்கள்னு ஒரு பிரிவே இருந்ததை தர்ஸ்டன்ல இருந்து எல்லாரும் எழுதியிருக்காங்க. நாள் பார்க்கவும் மருந்து அரைக்கவும் ஏடு வேணும். அயோத்திதாசரே சித்த மருத்துவர்தான், குருகிட்ட ஏட்டுல படிச்சு வந்தவர். சேரியில எழுத்து இருந்திருக்காதுங்கிற நினைப்பு நம்ம தலையில இருக்கு, வரலாற்றுல இல்லை.

மூணாவது, அந்த உத்தியோகமே. இதுக்காகத்தான் முதல்ல மார்க்கெட், சாவி, மேசைன்னு அவ்வளவு சொன்னேன். கலெக்டர் துரையைப் பார்க்க ஒரு புலவர் போகணும்னா கச்சேரி வாசல்ல மனு வச்சுக் காத்துக் கிடக்கணும். பட்லர் தினம் ரெண்டு வேளை மேசைக்குப் பக்கத்துல நிக்கிறவர். துரைமார் விருந்துக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவாங்க, பேசுவாங்க. எல்லிஸுக்குத் தமிழ்ச் சுவடின்னா பைத்தியம்னு அந்தச் சின்ன ஊர்ல எந்த மேசையில பேச்சு வந்திருக்காது? பரிமாறிக்கிட்டு நிக்கிறவர் காதுல விழாமலா இருக்கும்? துரைமார் பேசறது பட்லருக்குப் புரியாதுன்னு துரைமாரே நம்ப மாட்டாங்க. கந்தப்பன் தன் எஜமான்கிட்ட "என் வீட்டுல அந்த ஏடு இருக்கு"ன்னு சொல்லியிருக்கணும். எந்த இங்கிலீஷ்ல சொல்லியிருப்பார்? நம்ம வாத்தியார் திட்டின அதே இங்கிலீஷ்லதான்! (இந்த மேசைக் காட்சி என் ஊகம். ஓலை கொடுத்தது மட்டும் அயோத்திதாசர் சொன்னது.)

அந்தக் குடும்பம் அப்புறம் எங்கே போச்சுன்னு பாருங்க. பேரன் பத்திரிகை நடத்தினார், இயக்கம் நடத்தினார். பேரனோட மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன், நீலகிரியில ஐரோப்பியர் கம்பெனியில கணக்கு வேலை பார்த்து, பின்னாடி 1930ல லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோட போனவர். பரிமாறுற மேசைப் பக்கத்துல நின்னவங்க வீட்டுல இருந்து, ஒரு நூத்திச்சொச்சம் வருஷத்துல, பேச்சுவார்த்தை மேசைக்கு ஆள் போயிருக்கார்.

இந்தக் கதைக்கு ஒரு எதிர்ப்பக்கமும் இருக்கு. அது எங்க மதுரைப் பக்கத்துல நடந்தது. எல்லிஸ் நாப்பது வயசு வரைக்கும் படிப்பு மட்டும்தான், அதுக்கு அப்புறம்தான் எழுதி வெளியிடறதுன்னு வைராக்கியமா இருந்தாராம். 1819 மார்ச்ல ராமநாதபுரம் போன இடத்துல, தவறுதலா விஷம் உள்ளே போய் இறந்துட்டார். வயசு நாப்பத்தொண்ணு. சேர்த்து வச்ச குறிப்பு, கையெழுத்துப் படி எல்லாம் அப்படியே நின்னுருச்சு. சாமான்களை ஏலம் விட்டாங்க. காகிதத்தை யாரும் ஏலத்துல எடுக்கலை. அப்போ மதுரைக் கலெக்டர் ரவுஸ் பீட்டர், நம்ம ஊர்க்காரங்க 'பீட்டர் பாண்டியன்'னு சொல்றாங்களே, மீனாட்சி அம்மனுக்குத் தங்க அங்கவடி கொடுத்ததாச் சொல்ற அதே ஆளு. அவர் பங்களா சமையல்காரருக்கு எல்லிஸோட காகிதங்கள் பல மாசத்துக்கு அடுப்புப் பத்த வைக்கவும் கோழி மயிர் பொசுக்கவும் உதவிச்சுன்னு வால்டர் எலியட் எழுதி வச்சிருக்கார்.

கலெக்டரோட படிச்ச நண்பர்கள், சக அதிகாரிகள் யாரும் அந்தக் காகிதக் கட்டைக் கேட்டு வாங்கலை. அந்தச் சமையல்காரர் மேல எனக்குக் கோபம் வரலை. அவருக்கு யாரும் சொல்லலை, வீட்டுக்காரரும் சொல்லலை. அடுப்பு எரியணும், கோழி மேசைக்குப் போகணும், அவ்வளவுதான் அவர்கிட்ட கேட்டது. எல்லிஸ் எழுதின குறள் மொழிபெயர்ப்பும் விளக்கமும் அறத்துப்பாலில் சில அதிகாரங்களுக்கு மட்டும் அச்சுல தப்பிச்சு நமக்குக் கிடைச்சிருக்கு. அறத்துப்பால் 38 அதிகாரத்துல பதிமூணு. மீதியில எவ்வளவு எழுதி வச்சிருந்தார், அதுல எவ்வளவு கோழிக்குப் போச்சுன்னு நினைக்கிறப்ப வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்யுது.

1812 பதிப்போட முகப்புப் பக்கப் படத்தை நான் கணினித் திரையிலதான் பார்த்திருக்கேன். அசல் புத்தகத்தைக் கையில எடுத்துப் பார்த்தவங்க நம்ம கூட்டத்துல யாராவது இருந்தா எழுதுங்க மக்கா. அந்தத் தாள், எழுத்து, உள்ளே பாடபேதக் குறிப்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை. அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுப்பு கையில இருக்கிறவங்க கந்தப்பன் பேர் வர்ற இடங்களை மட்டும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டு வாங்க. அடுத்த தடவை நீலகிரிக் கதையை விரிவாப் பேசலாம்.